பிளாரென்ஸில் ஒரு நாள்: கோயில் ஓவியமும் கூடத்து ஓவியமும்

வெளிநாடு செல்லும் நம் மாணவருள் பலர், ஒரு நகரில் ஒரு நாள் தங்க நேர்ந்தால், பார்க்கத்தக்க இடங்கள் இருபதையும் பட்டியல் போட்டுக்கொண்டு ஓடுகின்றனர். மாலையில் கால் வலிக்கிறது. கையில் படங்கள் நிறைந்திருக்கின்றன. எதைக் கண்டீர் என்று கேட்டால் பெயர்கள் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. இத்தாலி நாட்டுப் பிளாரென்ஸ் நகரில் எனக்குக் கிடைத்ததும் ஒரே நாள்தான். அந்த நாளை ஒரே ஒரு கேள்விக்குச் செலவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். கோயிலுக்கென்று வரைந்த ஓவியத்தை அந்தக் கோயிலிலேயே பார்ப்பதற்கும், அதைப் பெயர்த்தெடுத்து வந்து கலைக்கூடத்தில் வைத்தபின் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு என்ன? இதுவே கேள்வி.

இது நமக்குப் புறம்பான கேள்வி அன்று. நம் நாட்டுச் செப்புத் திருமேனிகளில் ஒரு பகுதி கோயில்களில் வழிபாட்டில் இருக்கின்றன. ஒரு பகுதி எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையிலும் பிற கூடங்களிலும் இருக்கின்றன. சில கடல் கடந்து போய்விட்டன. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் நடராசர் திருவுருவை ஆஸ்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடம் 2008 ஆம் ஆண்டில் ஐம்பது இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அது களவு போன பொருள் என்று தெளிவானபின் 2014 இல் அந்நாடு அதைத் திருப்பித் தந்தது. விடுதியில் இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடையே இரு கட்சிகள் தோன்றிவிடும். “தெய்வத்தைக் கண்ணாடிப் பெட்டியில் அடைப்பதா?” என்பது ஒரு கட்சி. “பூட்டில்லாத கோயிலில் விட்டுவைத்துத் திருடனுக்குக் கொடுப்பதா?” என்பது மற்றொன்று. இரண்டையும் நிறுத்துப் பார்க்கப் பிளாரென்ஸைப் போல் வாய்ப்பான நகரம் வேறில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து பதினாறாம் நூற்றாண்டு வரை அந்நகரத்து ஓவியர் வரைந்தவற்றில் பெரும்பகுதி கோயில்களுக்காக வரைந்தவை. அவற்றுள் பல இன்றும் இருந்த இடத்திலேயே உள்ளன. வேறு பல நடந்து போகும் தொலைவிலுள்ள கலைக்கூடங்களில் உள்ளன. வேரையும் மலரையும் ஒரே நாளில் காணலாம்.

காலையில் முதலில் சென்றது சாந்தா மரியா நொவெல்லா என்னும் மாதா கோயில். புகைவண்டி நிலையத்திற்கு எதிரிலேயே இருக்கிறது. நிலையத்தின் பெயரும் அதுவே. உள்ளே நுழையச் சீட்டு வாங்க வேண்டும். கோயிலுக்குச் சீட்டா என்று முகம் சுளிக்க வேண்டா. சிறப்புத் தரிசனச் சீட்டு வாங்கிப் பழகிய நமக்கு இது புதிதன்று.

இக்கோயிலின் இடப்புறச் சுவரில், இருபதடிக்கு மேற்பட்ட உயரத்தில், மசாச்சியோ என்னும் இளைஞன் 1427 ஆம் ஆண்டை ஒட்டி வரைந்த ‘திரித்துவம்’ என்னும் சுவரோவியம் இருக்கிறது. சிலுவையில் தொங்கும் ஏசுநாதர்; பின்னால் நின்று அச்சிலுவையைத் தாங்கும் தந்தையாகிய இறைவன்; இருவருக்கும் இடையே புறா வடிவில் தூய ஆவி. சிலுவையின் அடியில் மரியன்னையும் யோவானும் நிற்கின்றனர். அவர்களுக்கு வெளியே, ஒரு படி கீழே, ஓவியத்திற்குப் பொருள் கொடுத்த கணவனும் மனைவியும் முழந்தாளிட்டுள்ளனர். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கல்லறை. அதன்மேல் ஓர் எலும்புக்கூடு. நான் இன்று இருப்பதுபோலவே நீயும் ஒரு நாள் ஆவாய் என்னும் கருத்தில் அதன்மேல் ஒரு வாசகம்.

இந்த ஓவியத்தின் புகழெல்லாம் அதன் பின்னணியிலுள்ள வளைந்த கூரையைச் சார்ந்தது. தட்டையான சுவரில், உண்மையாகவே ஓர் அறை பின்னோக்கிக் குடைந்து செல்வது போல் தோன்றுகிறது. கூரைக் கட்டங்களின் கோடுகளையெல்லாம் நீட்டினால், அவை சிலுவையின் அடிப்பகுதியில் ஒரு புள்ளியில் வந்து கூடும். அந்தப் புள்ளி, தரையில் நிற்கும் மனிதனின் கண்மட்டத்தை ஒட்டி அமைந்திருக்கிறது. இதைப் புத்தகத்தில் படித்து அறியலாம்; ஆனால் புத்தகத்துப் படத்தில் அது வேலை செய்யாது. படத்தை நாம் மேலிருந்து கீழே பார்க்கிறோம். கோயிலில் நின்றால்தான் கூரை தலைக்கு மேலே உயர்கிறது. எலும்புக்கூடு கண்ணுக்குக் கீழே தாழ்கிறது. சில அடி முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்தேன். ஓரிடத்தில் சுவர் மறைந்து அறை திறந்தது. நிற்க வேண்டிய இடத்தை ஓவியனே நமக்குக் குறித்து வைத்திருக்கிறான்.

இனி இந்த ஓவியம் பட்ட பாட்டைக் கேளுங்கள். 1570 ஆம் ஆண்டை ஒட்டி இக்கோயிலைப் புதுப்பிக்கும் பணி நடந்தது. பணியை நடத்தியவர் ஜோர்ஜோ வாசாரி. ஓவியர், கட்டடக் கலைஞர், எல்லாவற்றுக்கும் மேலாக இத்தாலியக் கலைஞர்களின் வரலாற்றை முதன்முதலில் விரிவாக எழுதியவர். அந்நூலில் மசாச்சியோவின் இந்த ஓவியத்தைப் பாராட்டியும் எழுதியிருக்கிறார். அவரேதான் அதன் முன்னால் ஒரு கல்பீடத்தை எழுப்பி, தாம் வரைந்த செபமாலை மாதா படத்தை வைத்து மறைத்துவிட்டார். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அதை எவரும் காணவில்லை. 1860 ஐ ஒட்டிப் பீடத்தை நீக்கியபோது ஓவியம் வெளிப்பட்டது. மேற்பகுதியைச் சுவரிலிருந்து உரித்தெடுத்து, வாயிலின் உட்சுவரில் கொண்டுபோய் ஒட்டினார்கள். எலும்புக்கூடு அப்போது யாருக்கும் தெரியாது. 1952 இல்தான் அது பழைய இடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் மேற்பகுதியைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். தொண்ணூறு ஆண்டுகள் உலகம் அரை ஓவியத்தை முழு ஓவியம் என்று எண்ணிப் படித்துக்கொண்டிருந்தது!

தஞ்சைப் பெரிய கோயிலை அறிந்தவர்களுக்கு இக்கதை வியப்பைத் தராது. கருவறையைச் சுற்றியுள்ள உட்திருச்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் ஒளிந்திருப்பதை 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அங்கும் மறைத்தவர்கள் பகைவர் அல்லர். கோயிலை அழகுபடுத்த விரும்பிய பக்தர்களே. மறைத்த மேற்பூச்சு கீழுள்ளதைக் காத்தும் கொடுத்தது. வாசாரியும், மேலே சுண்ணாம்பு அடிக்காமல், ஓவியத்தைச் சிதைக்காமல் பீடத்தை எழுப்பியிருக்கிறார். வேண்டுமென்றே காப்பாற்றினார் என்று சிலர் வாதிடுவர். எனக்கு அவ்வளவு இரக்கம் வரவில்லை. பாராட்டி எழுதிய கையே மறைக்கவும் துணிந்தது என்பதுதான் எனக்கு முதலில் தெரிகிறது.

அங்கிருந்து ஆற்றை நோக்கி நடந்தால் சாந்தா திரினித்தா என்னும் கோயில். இங்கே சாசெத்தி குடும்பத்தாரின் சிற்றாலயத்தில் கிர்லாந்தாயோ வரைந்த சுவரோவியங்களும், 1485 என்று ஆண்டு குறிக்கப்பெற்ற பீடப்படமும் வரைந்த இடத்திலேயே இருக்கின்றன. இத்தாலியக் கோயில்கள் பலவற்றில் உள்ளது போல் விளக்குப் பெட்டியில் நாணயம் போட்டால் சிறிது நேரம் வெளிச்சம் வரும், பிறகு அணைந்துவிடும். நான் காசு போடாமல் சற்று நேரம் இருட்டில் நின்றேன். கண் பழகியதும் சுவரில் முதலில் தெரிந்தவை பொன்னிறங்கள். அதை மனத்தில் குறித்துக்கொண்டேன், பிற்பகலில் பயன்பட்டது.

அதே பெயருடைய பாலத்தின் வழியாக ஆர்னோ ஆற்றைக் கடந்தேன். 1944 ஆகஸ்டில், பின்வாங்கிய ஜெர்மானியப் படை, பழைய பாலம் ஒன்றைத் தவிர நகரின் மற்றப் பாலங்களையெல்லாம் வெடி வைத்துத் தகர்த்தது. ஆற்றிலிருந்து கற்களைத் தேடி எடுத்து, இப்பாலத்தைப் பழைய வடிவிலேயே கட்டி 1958 இல் திறந்தார்கள். பாலத்தின் மூலைகளில் நான்கு பருவங்களைக் குறிக்கும் நான்கு சிலைகள் உள்ளன. இளவேனிற் சிலையின் தலை மட்டும் கிடைக்கவில்லை. 1961 இல் ஆற்றுப் படுகையில் அகப்பட்டது. இந்நகரத்தார் தலையைத் தேடிப் பதினேழு ஆண்டு காத்திருக்கக்கூடியவர்கள். இதையும் நினைவில் வையுங்கள்.

ஆற்றின் அக்கரையில், வெளியே பார்த்தால் பூசப்படாத வெறுஞ்சுவராய் நிற்கும் கார்மினே கோயில். 1771 இல் தீப்பற்றிப் பெரும்பகுதி அழிந்தது. வலக்கைப் பக்கத்துப் பிரான்காச்சி சிற்றாலயம் தப்பியது. பட்டு வணிகரான பெலிச்சே பிரான்காச்சியின் காலத்தில் இதில் ஓவியம் தீட்டத் தொடங்கினார்கள். முதலில் தீட்டியவர் இருவர்: மூத்தவர் மசோலினோ, இளையவன் மசாச்சியோ. காலம் 1425 ஐ ஒட்டி. வேலை முடியுமுன் மசாச்சியோ உரோமாபுரிக்குப் போனான். 1428 இல் அங்கேயே இறந்தான். அப்போது அவன் வயது இருபத்தாறு. எஞ்சியதை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் பிலிப்பினோ லிப்பி நிறைவு செய்தார்.

நம்முள் பலர் பட்டப்படிப்பையே முடித்திராத வயது அது.

இங்கே சுவரோவியத்தின் தொழில்முறையைச் சிறிது விளக்க வேண்டும். சுவரில் சுண்ணாம்புச் சாந்து பூசி, அது ஈரமாக இருக்கும்போதே, நீரில் கரைத்த வண்ணத்தைத் தீட்டுவர். சாந்து உலரும்போது சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக இறுகுகிறது. வண்ணம் அந்தக் கல்லுக்குள் சிறைப்பட்டுவிடுகிறது. ஆகவே பசையோ பிசினோ தேவையில்லை. ஆனால் உலருமுன் வேலை முடிந்தாக வேண்டும். அன்றாடம் எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவு சாந்தை மட்டுமே காலையில் பூசுவர். இந்தத் துண்டுக்கு இத்தாலியர் ‘ஒரு நாள் வேலை’ என்றே பெயரிட்டனர். துண்டுகள் சேரும் விளிம்பைக் கூர்ந்து பார்த்தால் ஓவியம் எத்தனை நாளில் முடிந்தது என்று எண்ணிவிடலாம். இச்சிற்றாலயத்தின் ‘வரிப்பணம்’ என்னும் பெரிய ஓவியத்திற்கு இவ்வாறு எண்ணி, ஏறத்தாழ ஒரு மாதத்து வேலை என்று கண்டிருக்கின்றனர். நம் தஞ்சைச் சோழர் ஓவியங்களையும் சென்னைப் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த எஸ். பரமசிவன் வேதியியல் முறையில் ஆராய்ந்து, அவையும் ஈரச் சாந்தில் தீட்டியவையே என்று முடிவு கட்டினார்.

‘வரிப்பணம்’ மத்தேயு எழுதிய நற்செய்தியிலுள்ள ஒரு கதை. வரி தண்டுவோன் ஏசுநாதரிடம் வரி கேட்கிறான். அவர் பேதுருவைப் பார்த்து, ஏரிக்குப் போய் மீன் பிடி. அதன் வாயில் காசு இருக்கும் என்கிறார். ஒரே ஓவியத்தில் பேதுரு மூன்று முறை வருகிறார். நடுவில் கட்டளை கேட்டுத் திகைத்து நிற்கிறார். இடப்பக்கம் கரையில் குந்தி மீன் வாயிலிருந்து காசு எடுக்கிறார். வலப்பக்கம் வரி தண்டுவோன் கையில் அதை அழுத்துகிறார். அமராவதிச் சிற்பங்களைப் பார்த்தவருக்கு இந்த உத்தி தெரிந்ததே. 1427 இல் பிளாரென்ஸ் அரசு சொத்துக் கணக்கெடுத்து வரி விதிக்கும் புதிய முறையைக் கொண்டுவந்தது. அதற்கும் ஓவியத்திற்கும் தொடர்பு உண்டா என்பதில் அறிஞர் ஒத்த கருத்தினர் அல்லர்.

நான் தேடி வந்தது வேறொன்று. ஓவியத்தில் மாந்தர் எல்லாருக்கும் தரையில் நிழல் விழுகிறது. ஒளி எல்லாருக்கும் வலப்புறத்திலிருந்தே வருகிறது. தலையைத் திருப்பிப் பார்த்தால், சிற்றாலயத்தின் பின்சுவரில், பீடத்திற்கு மேலே, அதே வலப்புறத்தில்தான் உண்மையான சாளரம் இருக்கிறது! எதிர்ச்சுவர் ஓவியங்களில் ஒளி இடப்புறத்திலிருந்து வருகிறது. அச்சுவருக்குச் சாளரம் இடப்புறம். ஓவியத்துக்குள் இருக்கும் பேதுருவின் மேலும், அதைப் பார்த்து நிற்கும் என் மேலும் ஒரே சாளரத்தின் வெளிச்சம். இந்தச் சுவரை அப்படியே வெட்டி எடுத்து, ஒரு துளி வண்ணம் உதிராமல், உலகின் மிகச் சிறந்த கூடத்தில் கொண்டுபோய் வைத்தாலும், இந்த ஒன்று அழிந்துபோகும். ‘கோயிலிலேயே இருக்க வேண்டும்’ என்னும் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சியை நான் காணவில்லை. உணர்ச்சியைச் சாராமல் வடிவியலைச் சார்ந்து நிற்கும் சாட்சி இது.

பக்கத்திலேயே ஆதாமும் ஏவாளும் ஏதேன் தோட்டத்திலிருந்து துரத்தப்படும் காட்சி. ஏவாள் வாய்விட்டு அலறுகிறாள். பதினேழாம் நூற்றாண்டில் யாரோ இவர்களுக்கு இலைகளை வரைந்து மானம் காத்தனர். 1980 களில் துப்புரவு செய்தபோது இலைகளை நீக்கிவிட்டார்கள். இருந்த இடத்திலேயே இருப்பதால் மட்டும் ஓவியம் இருந்தபடியே இருந்துவிடாது என்பதற்கு அந்த இலைகளே போதும்.

இங்கே ஒரே சமயத்தில் சிலரை மட்டுமே உள்ளே விடுகின்றனர். கொடுத்த நேரம் முடிந்ததும் வெளியேற வேண்டும். மனமில்லாமல் வெளியேறினேன்.

பழைய பாலத்தின் வழியாக இக்கரை வந்து உஃபீஸி கலைக்கூடத்தில் நுழைந்தபோது நண்பகல் கடந்திருந்தது. இந்த மாபெரும் கட்டடத்தை 1560 இல் தொடங்கியவரும் நம் வாசாரியே. முதலில் இது அரசாங்க அலுவலகம். உஃபீஸி என்னும் சொல்லுக்கே அலுவலகங்கள் என்பதுதான் பொருள். ஆண்ட மெதிச்சி குடும்பத்தார் மேல்தளத்தில் தம் கலைச் செல்வங்களை வைத்தனர். அக்குலத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லுயிசா என்னும் அரசியார், 1737 இல் அடுத்து வந்த அரசகுலத்தாருடன் செய்துகொண்ட உடன்படிக்கையில், இச்செல்வங்களில் எதுவும் பிளாரென்ஸை விட்டு வெளியே போகலாகாது என்று எழுதி வைத்தார். 1769 இல் கூடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஒரு பெண்மணியின் ஒரு நிபந்தனை ஒரு நகரத்தை எப்படிக் காத்தது என்பதற்குத் தனிக் கட்டுரையே எழுதலாம்.

கூட்டமெல்லாம் பொத்திச்செல்லியின் ‘வீனஸ் பிறப்பு’ இருக்கும் அறையில் இருந்தது. ஓவியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தம்மைத் தாமே படம் பிடிப்பவர் பலர். நான் தேடியது மூன்று மரியன்னை ஓவியங்கள் இருக்கும் அறையை. மூன்றும் மரப்பலகையில், பொன் தகடு ஒட்டி, முட்டைக் கருவில் குழைத்த வண்ணத்தால் தீட்டியவை. மூன்றும் ஆள் உயரத்தைப் போல் இரு மடங்கும் அதற்கு மேலும் இருப்பவை. மூன்றும் இந்நகரக் கோயில்களிலிருந்து வந்தவை. சிமாபுவே வரைந்தது காலையில் நான் கண்ட சாந்தா திரினித்தாவிலிருந்து. சியேனா நகரத்துத் தூச்சியோ வரைந்தது சாந்தா மரியா நொவெல்லாவிலிருந்து. ஜோத்தோ வரைந்தது ஓன்யிசாந்தியிலிருந்து.

மூன்றையும் மாறி மாறிப் பார்த்தேன். சிமாபுவேயில் தேவதூதர் அரியணையின் இருபுறமும் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக அடுக்கி நிற்கின்றனர்; அன்னையின் ஆடை மடிப்புகளில் பொற்கோடுகள் ஓடுகின்றன. தூச்சியோவில் தூதர் அறுவரும் காற்றிலே முழந்தாளிட்டு அரியணையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றனர். அன்னையின் ஆடையோரம் ஓர் ஆறு போல் வளைந்து நெளிகிறது. ஜோத்தோவிடம் வந்தால் திடீரென்று எடை தோன்றுகிறது. அன்னை உட்கார்ந்திருக்கிறார், ஆடைக்கு அடியில் முழங்கால் இருக்கிறது, மார்பு இருக்கிறது. அரியணையின் பக்கச் சட்டங்களுக்குப் பின்னால் நிற்பவர் முகம் பாதி மறைந்தும் தெரிகிறது. சிமாபுவேக்கும் ஜோத்தோவுக்கும் இடையே இருபது ஆண்டுகளோ சற்றுக் கூடவோதான். கலை வரலாற்று நூல்களில் பல பக்கங்களில் சொல்லும் பாடம், தலையை இடமும் வலமும் திருப்பும் நேரத்தில் விளங்கிவிடுகிறது. மூன்று கோயில்களில் தனித்தனியே இருந்த காலத்தில் இந்த ஒப்பீடு எவருக்கும் எளிதாய் இருந்ததில்லை. கூடத்தின் கட்சிக்கு இது பெரிய சாட்சி.

ஒப்பீட்டின் மற்றொரு பயனையும் சொல்ல வேண்டும். தூச்சியோவின் ஓவியத்தைச் சிமாபுவே வரைந்தது என்றே வாசாரி எழுதிவைத்தார். பல நூற்றாண்டுகள் அதை நம்பினார்கள். ஆவணக் காப்பகத்தில் கிடைத்த ஓர் ஒப்பந்தம் உண்மையைக் காட்டிற்று. 1285 ஏப்ரல் 15 ஆம் நாள், மரியன்னையின் புகழ்பாடும் அடியார் குழு ஒன்று, நம் பஜனைக் கூட்டம் போன்றதெனலாம், தூச்சியோவுடன் செய்துகொண்டது அது. கூலி 150 லீரா. பொன்னும் நீலவண்ணமும் ஓவியர் செலவு. செய்து முடித்தது அழகாக இல்லையென்றால் வாங்கிக்கொள்ள மாட்டோம் என்று நிபந்தனை! பக்தியும் கணக்கும் அக்காலத்திலும் கைகோத்தே நடந்திருக்கின்றன.

இவ்வளவும் கற்றுக்கொண்ட பிறகும் ஏதோ குறைந்தது. அறையில் வெளிச்சம் சமமாக, நிழலின்றி, நன்றாக இருந்தது. அந்த நல்ல வெளிச்சத்தில் பொன் பின்னணி மஞ்சள் சுவராகிவிட்டது. காலையில் இருட்டில் நின்றபோது கண்ணுக்கு முதலில் எட்டியது பொன்தான் அல்லவா? மெழுகுதிரிகள் அசைய, புகை எழ, கீழே நின்று பாடுவோருக்கு மேலே மின்னுவதற்கென்று ஒட்டிய பொன் அது. திரை விலகும்போது கருவறையில் விளக்கொளி பட்டுத் திருமேனி மின்னுவதைக் கண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கூடத்தில் ஓவியம் முழுவதும் தெரிகிறது. ஓவியத்தின் நேரம் தெரிவதில்லை.

மாலையில் சாந்தா குரோச்சே. மிக்கேல் ஆஞ்செலோ, கலிலியோ, மாக்கியவெல்லி முதலானோர் அடங்கிய கோயில். தாந்தேக்கும் ஒரு நினைவுக் கல்லறை உண்டு, உடல் இல்லை. நாடு கடத்தப்பட்டு அவர் 1321 இல் இறந்த ரவென்னா நகரம் அதைக் கொடுக்க மறுத்துவிட்டது. மிக்கேல் ஆஞ்செலோவின் கல்லறையைத் திட்டமிட்டவர், சொல்லாமலே விளங்கும், வாசாரி.

பீடத்தின் வலப்புறம் உள்ள பார்தி சிற்றாலயத்தில் தூய பிரான்சிஸின் வாழ்க்கையை ஜோத்தோ வரைந்திருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் இதற்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வெள்ளையைச் சுரண்டி எடுத்தபோது, சுவரில் பதித்த கல்லறைகளின் வடிவில் ஓவியத்தின் நடுவே பெரிய பள்ளங்கள் இருந்தன. பியாங்கி என்னும் ஓவியர் விடுபட்ட இடங்களையெல்லாம் தம் கற்பனையால் நிரப்பி முழுமையாக்கினார். நூறாண்டு கழித்து, 1950 களின் இறுதியில், அந்த நிரப்பல் முழுவதையும் அகற்றிவிட்டார்கள். இன்று பிரான்சிஸ் இறக்கும் காட்சியில், அழும் துறவிகளின் நடுவே, கல்லறையின் வடிவம் வெறுஞ்சாந்தாய் நிற்கிறது. முதலில் அது கண்ணை உறுத்தியது. சற்று நேரத்தில், இதில் உள்ள ஒவ்வொரு கோடும் ஜோத்தோவுடையதே என்னும் நம்பிக்கை பிறந்தது. நம் கோயில்களில் பழைய சுவரோவியங்களின் மேல் புதுவண்ணம் பூசித் திருப்பணி என்று பெயரிடுவோர் இங்கே ஒரு முறை வந்து நிற்கலாம்.

இறுதியாகக் கண்டது சிமாபுவேயின் சிலுவை. பதினான்கு அடிக்கு மேல் உயரமான மரச்சிலுவையில் தீட்டிய ஏசுநாதர். 1966 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆம் நாள் ஆர்னோ ஆறு கரை புரண்டது. தாழ்வான சாந்தா குரோச்சே பகுதியில் சில இடங்களில் இருபதடிக்கு மேல் நீர் ஏறிற்று. நிலவறைகளில் குளிர்காலத்துக்கென்று சேர்த்து வைத்த எரியெண்ணெய் சேற்றோடு கலந்து எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. சிலுவை அப்போது இருந்தது வழிபாட்டு மண்டபத்தில் அன்று. துறவிகளின் பழைய உணவுக்கூடத்தில் அமைத்த பொருட்காட்சிசாலையில்! வண்ணத்தில் அறுபது விழுக்காடு நீரோடு போய்விட்டது. உலகெங்குமிருந்து மாணவர்கள் ஓடிவந்து, சேற்றில் இறங்கி, கைமாற்றிக் கைமாற்றி நூல்களையும் ஓவியங்களையும் வெளியே எடுத்தனர். நகரத்தார் அவர்களைச் ‘சேற்றுத் தேவதூதர்’ என்று இன்றும் அழைக்கின்றனர்.

ஆக, விடுதி வாதத்தின் இரு கட்சிகளும் இங்கே கரை ஒதுங்கின. கோயிலில் இருந்தவற்றைக் கோயிலே மறைத்தது, வெள்ளையடித்தது, இலை உடுத்தியது. காப்பதற்கென்று அமைத்த கூடத்தில் இருந்தது வெள்ளத்தில் போயிற்று. எங்கே இருக்கிறது என்பதைவிட, யார் நாள்தோறும் அதைப் பார்த்துக்கொள்கிறார் என்பதே பெரிது என்று எனக்குத் தோன்றியது. நண்பர்கள் உடன்படமாட்டார்கள், படவும் வேண்டா.

சிலுவையைச் செப்பனிட்டவர்கள் பியாங்கியைப் போல் நிரப்பவில்லை. பார்தி சிற்றாலயத்தைப் போல் வெறுமையாக விடவும் இல்லை. போன இடங்களில், எஞ்சிய வண்ணங்களிலிருந்து தேர்ந்த சில நிறங்களில் மெல்லிய கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழைத்தார்கள். தொலைவில் நின்றால் உடல் முழுமையாய்த் தெரிகிறது. அருகில் சென்றால் இது போன இடம் என்று அக்கோடுகளே சொல்லிவிடுகின்றன. பத்தாண்டு வேலைக்குப்பின் 1976 இல் சிலுவை திரும்பி வந்தது. இன்று கோயிலை ஒட்டிய திருவுடை அறையில் உயரத்தில் தொங்குகிறது.

அதே வெள்ளத்தில் மூழ்கிய மற்றொன்று, 1546 இல் கன்னியர் மடத்திற்கென வரைந்த ‘கடைசி இராவுணவு’ என்னும் இருபதடி நீளப் பலகை ஓவியம். பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் நீருக்குள் கிடந்தது. வண்ணம் உதிராமல் இருக்க அதன்மேல் மெல்லிய தாள்களை ஒட்டிக் கிடங்கில் வைத்தார்கள். அதைத் திரும்ப எழுப்பும் வழி அன்று எவருக்கும் தெரியவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்தே வேலை தொடங்கியது. வெள்ளம் வந்த அதே நவம்பர் 4 ஆம் நாளில், 2016 இல், சாந்தா குரோச்சேயில் திரும்ப மாட்டினார்கள். வரைந்தவர் வாசாரி. இம்முறை அதைச் சுவரில் நிலையாகப் பதிக்கவில்லை. மீண்டும் ஆறு பெருகும் செய்தி வந்தால், சுழற்றி நீர்மட்டத்திற்கு மேலே தூக்கிவிடக் கப்பியும் எதிரெடையும் பின்னால் பொருத்தியிருக்கிறார்கள்.